துடைக்காத கல்

ஃபௌசியா கைக்குட்டையைப் பிரித்து மேஜை மேல் வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுடைய அப்பா நைனா முகமது ஊற்றிய வெள்ளிக் கட்டி. கம்பெனிக் கட்டி என்றால் வெட்டி வைத்த சோப்பு மாதிரி இருக்கும். இது கையால் ஊற்றியது. மேலே ஆறும்போது விழுந்த வளையக் கோடுகள், நடுவில் சின்னக் குழி, ஓரத்தில் பலாச்சுளை முத்திரை. பண்ருட்டிக்காரர் வேறென்ன முத்திரை வைப்பார்.

கடலூர் வரைக்கும் ஏழெட்டுக் கடை ஏறி இறங்கிவிட்டாளாம். யாருக்கும் அந்த முத்திரை தெரியவில்லை. பேர் தெரியாத கட்டி, உருக்கித்தான் பார்க்கணும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். விற்கிற எண்ணமில்லை என்றாள்.

"அத்தா ஊத்துனது சுத்தமா இல்லியா, அத மட்டும் பாத்துச் சொல்லுங்க மாமா."

அவளுக்கு என்னிடம் வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. எனக்கோ அது ஒன்றுதான் சொல்ல முடியாதது.

இருபது வருஷத்துக்கு முன்னால் நெய்வேலியில் வெள்ளிக்கு மாற்றுப் பார்ப்பதென்றால் இந்தச் சிங்காரவேல்தான். நிலக்கரிக் கம்பெனியில் போனஸ் போட்டால் போதும், பிளாக் பிளாக்காகப் பெண்கள் கொலுசோடு வந்து நிற்பார்கள். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சநஞ்சமில்லை. அப்படியொரு போனஸ் நாளில்தான் நைனா முகமது இரண்டு வியாபாரிகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் சரியென்றால் வருஷம் முழுக்க அவரிடமே கட்டி எடுப்பதாக அவர்கள் பேச்சு. கூட்ட நெரிசலில் கட்டியை வாங்கி உரைகல்லில் ஒரு இழு இழுத்தேன். திராவகம் விட்டேன். எண்பதுகூடத் தேறாது பாய் என்று எல்லார் காதிலும் விழச் சொன்னேன். வியாபாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் கட்டியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் கல்லைத் துடைக்க எடுத்தபோதுதான் பார்த்தேன். அதற்கு முன் உரைத்த மட்டக் கொலுசின் கோடு அழியாமல் கிடந்தது. அதன் மேலேயே இதையும் இழுத்திருக்கிறேன். கொலுசுக் கோட்டைத் தாண்டிப்போன நுனி மட்டும் பளிச்சென்று வெளுத்திருந்தது. ஒவ்வொரு உரைக்கும் கல்லைத் துடைக்கணும் என்பது நேற்று தொழிலுக்கு வந்தவனுக்கும் தெரியும்.

பண்ருட்டி முக்கால் மணி நேர பஸ். நாளைக்குப் போகலாம் என்றிருந்தேன். போகவில்லை. ஊர் என்ன சொல்லும், கடை என்ன ஆகும் என்று ஆயிரம் கணக்குப் போட்டேன். அதற்குள் அவர் உலையை மூடிவிட்டதாகச் சேதி வந்தது. அப்புறம் எந்த முகத்தோடு போவது. பாவி, மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் மௌத்து அடக்கத்துக்குப் போய் வரிசையில் நின்றுவிட்டும் வந்தேன்.

இப்போது என் கடையில் எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டர் மெஷின். கட்டியை உள்ளே வைத்து மூடினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. தொண்ணூற்றொன்பது புள்ளி இரண்டு. சீட்டைக் கிழித்து அவள் கையில் கொடுத்தேன். அதைக் காட்டிவிட்டால் போதும், நான் அன்று சொன்னதைப் பற்றிப் பேச்சே வராது என்று உள்ளுக்குள் ஒரு அற்ப நிம்மதி.

அவள் சீட்டை இரண்டு தரம் படித்தாள். முகத்தில் சந்தோஷம் வரவில்லை.

"அத்தா உங்கள ஒரு நாளும் கொற சொன்னதில்ல மாமா. சிங்காரவேலு கண்ணு தப்பாது, என் கையிலதான் எங்கியோ கோளாறுன்னு சொல்லிகினே இருப்பாரு. வெள்ளி உருக்குற மூசைய அவரே போட்டு ஒடச்சாரு."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

சீட்டை மடித்து மேஜை மேலேயே வைத்துவிட்டு, கட்டியை என் பக்கம் நகர்த்தினாள்.

"மெஷினு தப்பா காட்டுதோ என்னமோ. நீங்க ஒரு வாட்டி கல்லுல ஒரசிப் பாத்துச் சொல்லுங்க மாமா. நீங்க சொன்னாத்தான் மனசு ஆறும்."

டிராயரைத் திறந்து உரைகல்லை எடுத்தேன். இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுத் துடைத்தேன். கல் சுத்தமாகத்தான் இருந்தது. மறுபடியும் எண்ணெய் விட்டேன். அவள் முழங்கைகளை மேஜையில் ஊன்றி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் துடைத்துக்கொண்டே இருந்தேன்.