மூடியில் ஒட்டியிருந்த பொட்டு

கன்னியம்மாள் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குள் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். கையில் காலிக் கட்டைப்பை ஒன்று கொண்டுவருவாள் என்பதும் அருண்பிரசாத்துக்குத் தெரியும். போனிலேயே சொல்லிவிட்டாள்.

"பாப்பாவோட துணிமணிய எடுத்து வைங்க தம்பி. ஒரு ரெண்டு வருஷம் எங்ககிட்ட இருக்கட்டும்."

அவன் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. துணியை எடுத்து வைக்கவும் இல்லை. சமையலறையை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தான்.

மனைவி மதிவதனி போய் மூன்று மாதம் ஆகிறது. காய்ச்சல் என்று படுத்தாள், ஐந்தாம் நாள் இல்லை. கன்னியம்மாள் அவளுடைய அக்கா, அவனுக்கு அண்ணி. கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் நிலம், மாடு, வீடு நிறைய ஆட்கள். இங்கே அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய இரண்டு அறை வீட்டில், முப்பத்தொரு வயது ஆணும் ஐந்து வயது மகள் கவியாவும். பஞ்சாயத்து என்று வைத்தால் யார் பக்கம் பேசுவார்கள் என்று அவனுக்கே தெரியும். கவியா தன்னிடம் இருக்க வேண்டுமானால், இந்த வீடு நடக்கிறது என்று காட்டியாக வேண்டும். அண்ணி வந்ததும் முதலில் நுழைவது சமையலறைக்குள்தான்.

டவுனில் ஒரு மருந்து மொத்தக் கடையில் அவனுக்கு ஸ்டாக் பார்க்கிற வேலை. பெயரும் தேதியும் இல்லாத பொருள் அங்கே அலமாரி ஏறாது. மதியின் அலமாரியிலோ பெயர் உள்ள பொருள் ஒன்றுகூட இல்லை. ஊறுகாய் பாட்டிலில் மல்லித்தூள். காபித்தூள் டப்பாவில் கடுகு. பிஸ்கட் டின்னில் காய்ந்த மிளகாய். பேசிக்கொண்டே பின்னால் கையை நீட்டுவாள், வேண்டியது கைக்கு வரும். அவன் நீட்டினால் வருவதில்லை. இந்த மூன்று மாதத்தில் இரண்டு முறை சீரகம் என்று நினைத்துச் சோம்பைப் போட்டு ரசம் வைத்திருக்கிறான். கவியா முகத்தைச் சுளித்துவிட்டு இட்லிக்குச் சர்க்கரை கேட்டாள். அதிலிருந்து அவளுக்குச் சர்க்கரைதான்.

சனிக்கிழமை லீவு போட்டான். ஒரே அளவில் முப்பது பாட்டில் வாங்கி வந்தான். கடை மெஷினில் லேபிள் அடித்துக்கொண்டான். ஒவ்வொன்றாகத் திறந்து, மோந்து, சந்தேகம் வந்தால் நாக்கில் வைத்துப் பார்த்துக் கொட்டினான், ஒட்டினான். வேலை நடக்கும்போது எதுவும் தோன்றவில்லை. அது பிடித்திருந்தது.

உப்பு ஜாடிக்குப் பின்னால் ஒரு மருந்து பாட்டில் இருந்தது. கவியாவுக்கு வேர்க்கடலை ஆகாது. மூன்று வயதில் ஒரு கடலை மிட்டாயைக் கடித்து, உதடு வீங்கி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். இனி வாழ்நாளுக்கும் கடலை கூடாது என்று அங்கே சொல்லி, அவசரத்துக்கு இந்த மருந்தை எழுதிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து இந்த வீட்டுக்குக் கடலை வருவதில்லை என்றுதான் அவன் நினைத்திருந்தான். மருந்துக்கு உப்பு ஜாடிக்குப் பின்னால் என்ன வேலை? அறையில் இருந்த மருந்துப் பெட்டிக்கு மாற்றி, 'கவியா' என்று ஒட்டினான்.

கடைசியாக இட்லிப் பொடி மிஞ்சியது. இரண்டு பாட்டில், இரண்டிலும் பாதி பாதி. ஒரே நிறம். ஒன்றின் மூடியில் மட்டும் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு. மதி பொட்டை ஒட்டாத இடமில்லை. கண்ணாடி, பீரோ கதவு, குளியலறைச் சுவர், ஒரு முறை அவனுடைய ஹெல்மெட். அந்த ஹெல்மெட்டோடு வேலைக்குப் போய் நாள் முழுக்கக் கிண்டல் வாங்கினான். இப்போது நகத்தால் பொட்டை நெம்பி எடுத்தான். எறியக் கை வரவில்லை. கூடத்துக் கண்ணாடியில், மற்றப் பொட்டுகளுக்குப் பக்கத்தில் ஒட்டினான். ஒரே சரக்கு இரண்டு இடத்தில் இருந்தால் ஒன்றாக்கிவிடுவது கிடங்கு வழக்கம். இரண்டையும் ஒரே பாட்டிலில் கொட்டிக் குலுக்கினான். இட்லிப் பொடி. தேதி.

மறுநாள் பௌர்ணமி. காலையிலேயே பாதையில் கூட்டம் நடக்கத் தொடங்கிவிட்டது. மைக்கில் போலீஸ்காரர் ஓயாமல் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கன்னியம்மாள் வியர்த்து வழிந்து வந்து சேர்ந்தாள்.

"பஸ்காரன் செங்கம் ரோட்லயே எறக்கி வுட்டுட்டான் தம்பி. அங்கேருந்து நடை. அண்ணாமலையாருக்குக் கால் சுத்து கணக்கு வச்சுக்கச் சொல்லணும்."

கவியா ஓடிப் போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கட்டைப்பை மடித்தபடி கக்கத்தில் இருந்தது. அதைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டு, அவன் நினைத்தது போலவே நேராகச் சமையலறைக்குப் போனாள். அலமாரி முன்னால் நின்றுவிட்டாள்.

"இன்னா தம்பி இது, மெடிக்கல் ஷாப்பாட்டம்?"

அவன் வாசலில் நின்றான்.

"கடுகு. உளுந்து. வெந்தயம்." விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள். "கடுகுக்குக் கூடவா சீட்டு? பாத்தா தெரியாது?"

"தெரியும். இருந்தாலும் இருக்கட்டும்னு..."

"மதி பாத்தான்னா சிரிச்சிருப்பா." ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "ஆனா சுத்தமாதான் வச்சிருக்கீங்க. எங்க வூட்டு ஆம்பளைங்களுக்கு அடுப்பு எந்தப் பக்கம் இருக்குதுன்னே தெரியாது."

அவன் உள்ளே வந்து அடுப்பை அணைத்தான்.

இட்லி வெந்திருந்தது. தட்டில் இரண்டு வைத்து, ஓரத்தில் ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டான். கன்னியம்மாளின் முகம் மாறியது.

"இது இன்னாது?"

"பெரிம்மா, நான் டெய்லி சக்கரதான்," என்றாள் கவியா பெருமையாக.

"டெய்லியா? மூணு மாசமாவா?" கன்னியம்மாள் அவன் பக்கம் திரும்பினாள். "பல்லு பூச்சி புடிச்சிப் போவாதா? சீட்டு ஒட்டத் தெரிஞ்சவரு புள்ளைக்கு ஒரு பொடி தொட்டுக் குடுக்கக் கூடாதா? நான் அரைச்சிக் குடுத்தது இருந்துச்சே?"

"இருக்கு."

எடுத்துக் கொடுத்தான். லேபிளை அவள் பக்கமாகத் திருப்பிக் கொடுத்தான்.

கன்னியம்மாள் சம்மணமிட்டு உட்கார்ந்து, பொடியில் நல்லெண்ணெய் விட்டுக் குழைத்து, குழந்தையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். ஒரு வாய். இரண்டாவது வாய். "நல்லாருக்குதா?" கவியா தலையாட்டினாள். மூன்றாவது வாயை வாங்கிக்கொண்டு விழுங்காமல் வைத்திருந்தாள்.

"பெரிம்மா, நாக்கு அரிக்குது."

"காரம்டி. தண்ணி குடி."

"காரமில்ல. காதெல்லாம் அரிக்குது."

கன்னியம்மாள் குனிந்து பார்த்தாள். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. கழுத்தில் தடிப்பு தடிப்பாக எழும்பிக்கொண்டிருந்தது. உள்ளங்கையை நீட்டி வாயில் இருந்ததைத் துப்ப வைத்தாள்.

"தம்பி, கடலை போட்ட பொடி எங்க?"

"எந்தக் கடலை?"

"மதிக்கு ரெண்டு பொடி குடுப்பனே! கடலை போட்டது உங்களுக்கு. போடாதது பாப்பாவுக்கு. உங்களுக்கு அது இல்லாம இட்லி எறங்காதுன்னு தனியா அரைச்சி வாங்கிட்டுப் போவா. அது மூடில பொட்டு வச்சிருப்பாளே!"

அவன் கூடத்துக் கண்ணாடியைப் பார்த்தான். ஏழெட்டுப் பொட்டுகள். எல்லாம் ஒன்று போலவே இருந்தன.

கன்னியம்மாள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எழுந்து அலமாரிக்கு ஓடி, உப்பு ஜாடிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள். இரண்டு பாட்டில்கள் விழுந்து உருண்டன. "மருந்து எங்க? இங்கதான வச்சிருப்பா! எங்க வச்ச?"

முதல் முறையாக அவனை 'நீ' என்றாள்.

அவன் அறைக்குள் போய் வந்தான். மருந்துப் பெட்டி, மேல் தட்டு, இடது ஓரம். அளவு மூடியில் கோடு வரை ஊற்றிக் கொடுத்தான். குழந்தை விழுங்கினாள். உதடு ஏற்கெனவே தடித்திருந்தது.

"வண்டில உக்காருங்க அண்ணி."

பாதை முழுக்க மனிதர்கள். வெறுங்காலோடு, மலையைப் பார்த்தபடி, அவசரமே இல்லாமல் வந்துகொண்டிருந்தார்கள். அவன் எதிர்த் திசையில் ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு போனான். "யோவ், கண்ணு தெரியல?" என்று ஒருவர் கத்தினார். பின்னால் இருந்து கன்னியம்மாள் அதைவிடப் பெரிதாகக் கத்தினாள். "புள்ளைக்கு மூச்சு முட்டுதுய்யா! வழி வுடுங்க!"

தடுப்பு வேலியில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். பக்கத்தில் வந்து குழந்தையின் முகத்தைப் பார்த்தார். வேலியைத் தானே இழுத்துத் திறந்தார்.

"பேசிட்டே வாங்க அண்ணி," என்றான் அவன் திரும்பாமல். "அவளும் பேசட்டும். குரல் கேக்கணும் எனக்கு."

"கவி, பெரிம்மா வூட்டு மாட்டுக்கு இன்னா பேரு?"

"லச்சுமி." குரல் கரகரத்தது.

"கன்னுக்குட்டிக்கு?"

பதில் வரவில்லை. அவன் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினான். நாலைந்து விநாடி.

"இன்னும் பேரு வைக்கல," என்றாள் கவியா.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். மூக்கும் வாயும் மூடிய மாஸ்க்கில் புகை போல மருந்து வந்தது. சின்ன வயது டாக்டரம்மா தடிப்புகளைப் பார்த்துவிட்டு, "சிரப் குடுத்தாச்சேன்னு வீட்லயே உக்காந்திருந்தா என்ன ஆயிருக்கும் தெரியுமா?" என்றாள். "சில பேருக்கு அடங்கிட்டு மறுபடியும் வரும். சாயங்காலம் வரைக்கும் இங்கயே இருக்கட்டும்."

ஒரு மணி நேரத்துக்குள் உதட்டு வீக்கம் வடியத் தொடங்கியது. கவியா தூங்கினாள். வெளியே பெஞ்சில் கன்னியம்மாள் உட்கார்ந்திருந்தாள். வலது கை விரல்களில் பொடியும் எண்ணெயும் காய்ந்திருந்தன. கழுவவில்லை.

"நான்தான் தம்பி," என்றாள். "மிக்ஸி ஜார கழுவாம அரைச்சிட்டேன் போல. மொதல்ல கடலை போட்டத அரைச்சிட்டு, அப்படியே இத போட்டிருப்பேன். அன்னிக்கு நடவு ஆளுங்க வேற. அவசரம்."

காய்ந்த விரல்களைத் திருப்பிப் பார்த்தாள்.

"என் கையால ஊட்டினேன். காரம்டின்னு தண்ணிய குடுக்கறேன்." மூக்கை முந்தானையால் துடைத்தாள். "உங்ககிட்டேருந்து கூட்டிட்டுப் போலாம்னு பையத் தூக்கிட்டு வந்தேன் பாரு. எந்த மூஞ்ச வச்சிக்கிட்டு இனிமே கேப்பேன்?"

அவ்வளவுதான். அவன் வாயைத் திறக்க வேண்டியதில்லை. கவியா தன்னிடமே இருப்பாள். இரண்டு பாட்டில் என்னவாயிற்று என்று அவள் மறுபடி கேட்டால், ஒன்று தீர்ந்து போயிற்று என்றால் முடிந்தது. பெட்டியில் இருந்த மருந்து, வழியில் ஓட்டிய வண்டி எல்லாம் அவன் பக்கம் பேசும். எதிரே சுவரில் யாரோ கை கழுவும் முறையைப் படம் போட்டு ஒட்டியிருந்தார்கள். முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை பார்த்தான். மறுபடி முதலிலிருந்து பார்த்தான். மதி இரண்டு வருடம் ஒரே அலமாரியில் இரண்டு பொடியை வைத்துக்கொண்டு, ஒரு நாள்கூடக் கை தவறாமல் இருவருக்கும் போட்டிருக்கிறாள். சாப்பிட்டவனுக்கே தெரியாது.

"ஜார் கழுவித்தான் இருப்பீங்க அண்ணி."

"இன்னா?"

"ரெண்டு பாட்டிலும் இருந்துச்சு. நான்தான் ஒண்ணா கொட்டினேன். நேத்து. பொட்டையும் நான்தான் பிச்சேன்."

கன்னியம்மாள் அவனையே பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். நர்ஸ் ஒருத்தி குறுக்கே போய், திரும்பி வந்தாள்.

"ஒண்ணா கொட்டிட்டு," என்றாள் மெதுவாக, "அதுக்கு மேல சீட்டும் ஒட்டி, எங்கிட்ட குடுத்த."

"ஆமா."

"படிச்சவன்."

அவன் தலை குனிந்தான். அவள் எழுந்து போய்க் கையைக் கழுவினாள். வெகுநேரம் குழாய்ச் சத்தம் கேட்டது. திரும்பி வந்து அவன் பக்கத்தில் உட்காராமல், உள்ளே போய்க் குழந்தையின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். சாயங்காலம் வரை அங்கிருந்து எழுந்திருக்கவில்லை.

ஆறு மணிக்கு விட்டார்கள். வண்டி உள்ளே போக முடியாத கூட்டம். வண்டியை டவுனிலேயே விட்டுவிட்டு, கவியாவைத் தோளில் போட்டுக்கொண்டு, மலை சுற்றுகிறவர்களோடு அவனும் நடந்தான். பின்னால் கன்னியம்மாள் வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் கதவுக்குப் பின்னால் கையை விட்டுக் கட்டைப்பையை எடுத்து உதறினாள்.

அவன் குழந்தையைப் பாயில் கிடத்திவிட்டு பீரோவைத் திறந்தான். எந்தக் கவுனை முதலில் எடுப்பது என்று தெரியவில்லை. ஒன்றை எடுத்தான். மடித்ததையே மறுபடி மடித்தான்.

சமையலறையில் பாட்டில்கள் மோதும் சத்தம் கேட்டது.

போய்ப் பார்த்தான். கன்னியம்மாள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து, முகர்ந்து, பிரித்துக்கொண்டிருந்தாள். இட்லிப் பொடி பாட்டில் பையில் விழுந்தது. பருப்புப் பொடி விழுந்தது. எள்ளுப் பொடி, எதிலிருந்து எதற்கு மாற்றினான் என்று அவனுக்கே நினைவில்லாத குழம்புப் பொடி.

"அண்ணி?"

"அந்தத் துணிய உள்ள வை." அவள் நிமிரவில்லை. "எங்க வூட்டுக் களத்துல இன்னிக்கி நாலு மூட்டை கடலை காயுது. அடுப்புல கடலெண்ணெ. புள்ளைங்க பாக்கெட்டுல கடலை. என் பொடவைய ஒதறினா கடலைத் தோலு. அங்க இவள எங்க ஒக்கார வைப்பேன்? இத்தினி நாளா யோசிக்கல நான். ஆளுங்க இருந்தா போதும்னு நெனச்சிட்டேன்."

அவன் கவுனைப் பிடித்தபடி நின்றான்.

"உன் மேல இருக்கற கோவம் போவல. அது வேற. வாரா வாரம் வருவேன். இந்த அலமாரிய தொறந்து பாப்பேன்."

"சரி."

"பொடி இனிமே ஒண்ணுதான். கடலை போடாதது. உனக்குத் தனியா கெடையாது."

"வேணாம். சீட்டுல பேரு மட்டும் பத்தாது அண்ணி. உள்ள என்னென்ன போடறீங்கன்னு சொல்லுங்க. எழுதி ஒட்டறேன்."

"உளுந்து, கடலப்பருப்பு, மொளகா, எள்ளு, பெருங்காயம். போயி எழுதிக்க." பையின் வாயை முறுக்கிக் கட்டினாள். கனத்தது. துணிக்காகக் கொண்டு வந்த பை. "எதுல கடலை கலந்துச்சோ, இத நான் எடுத்துனு போறேன். எங்க வூட்டு ஆளுங்க தின்னுவாங்க."

கூடத்திலிருந்து கவியாவின் குரல் வந்தது. இன்னும் கொஞ்சம் கரகரப்பு இருந்தது.

"அப்பா, பசிக்குது. இட்லி, சக்கர."

கன்னியம்மாள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். அலமாரியில் கையை நீட்டி, சீட்டைப் படித்துப் பார்த்து, சர்க்கரை பாட்டிலை எடுத்து அவனிடம் கொடுத்தாள். அவன் மூடியைத் திறந்து, ஒரு விரலால் தொட்டு, முதலில் தன் நாக்கில் வைத்துப் பார்த்தான்.