டியூப் லைட் மாட்டிய வாரம்

முன் அறையில் டியூப் லைட் மாட்டிய அன்றைக்கே அடுப்படி பல்பு அணைந்துபோனது. மாட்டியவர் என் வீட்டுக்காரர் தாவீது. கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனியில் பத்து வருஷமாக எலக்ட்ரீஷியன். பொன்னேரியில் எங்கள் தெருவில் யார் வீட்டு ஃபேன் நின்றாலும் முதலில் எங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். அப்பேர்ப்பட்டவர் வீட்டில் நான் ஆறு நாளாகச் சிம்னி விளக்கு வைத்துச் சமைத்தேன். எங்கள் அடுப்படிக்கு ஜன்னல் கிடையாது. பட்டப்பகலிலும் அரிசியில் கல் பொறுக்க வாசலுக்கு வர வேண்டும்.

கேட்டால் ஷிப்ட் என்பார், உடம்பு வலி என்பார், நாளைக்கு என்பார். என் உடம்பு மட்டும் இரும்பிலா செய்திருக்கிறது? நானே பல்பை மாற்றிப் பார்த்தேன், எரியவில்லை. மீட்டர் பலகையில் ஃப்யூஸைப் பிடுங்கிப் பார்த்தேன், கம்பி முழுசாக இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் எனக்குப் பொறுமை போயிற்று. கடைத்தெரு எலக்ட்ரீஷியன் சுப்பிரமணியைக் கூட்டி வருகிறேன் என்று செருப்பை மாட்டினேன்.

கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

"அவன் வேணாம் சாராள். அவன் மச்சான் எங்க கம்பெனிலதான் கீறான்."

மச்சான் இருந்தால் என்ன என்று கேட்டேன். அப்படியானால் நீயே ஏறு என்றேன். அவர் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. சரி, நீ வழி சொல்லு, நான் ஏறுகிறேன் என்று ஆத்திரத்தில் சொல்லிவிட்டேன். தடுப்பார் என்று நினைத்தேன். அவர் டெஸ்டரை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

அடுப்படியில் ஸ்டூல் போட்டு ஏறினேன். பல்பு வயர் தொங்கும் இடத்தில் மூடியைத் திருகிக் கழற்றச் சொன்னார். டெஸ்டரின் பிடியைத் தவிர எதையும் தொடாதே என்று மூன்று தடவை சொன்னார். உள்ளே இரண்டு திருகாணி. டெஸ்டரை வைத்தால் ஒன்றில்தான் வெளிச்சம் வர வேண்டுமாம். இரண்டிலும் வந்தது. வாசற்படியில் நின்றபடியே, கரண்ட் வருகிறது, திரும்பிப் போக வழியில்லை, முன் ரூமில் ஒரு நியூட்ரல் வயர் விட்டுப்போயிருக்கிறது என்றார். எட்டிக்கூடப் பார்க்காமல் சொன்னார். அப்போதுதான் அவர் முகத்தைக் கவனித்தேன். ஃபேன் ஓடியும் வேர்த்து வழிந்துகொண்டிருந்தது.

ஃப்யூஸைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்துவிட்டு முன் அறையில் ஏறினேன். டியூப் லைட்டுக்குப் பக்கத்தில் வயர்கள் சேரும் மரப்பெட்டியைத் திறந்தேன். மெயினிலிருந்து வரும் வயரும் டியூப் லைட் வயரும் சேர்ந்து முறுக்கியிருந்தன. அடுப்படிக்குப் போகிற வயர் ஒட்டினாற்போலவே சும்மா கிடந்தது. ஒரு முறுக்குதான் பாக்கி. நேற்று வேலைக்குச் சேர்ந்தவன்கூட அப்படி விட்டுவிட்டு இறங்க மாட்டான். இதைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன்.

"பாத்தேன். அதுக்கு மேல கை போவல."

ஸ்டூலில் நின்றபடியே முழுசும் கேட்டேன். இரண்டு மாதம் முன்னால் கம்பெனியில் இவரோடு வேலை பார்த்த அரசப்பன் ஷாக் அடித்துச் செத்தான். நானும் துக்கத்துக்குப் போய் அவன் பெண்சாதி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு வேறு ஷெட்டில் இருந்ததாக இவர் என்னிடம் சொல்லியிருந்தார். இப்போது, ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்ததே தான்தான் என்றார்.

"லைன் ஆஃப்னு நான்தான் சொன்னேன். ஆஃப் பண்ணிட்டுதான் சொன்னேன் சாராள். எவனோ போட்டுட்டான்."

அதிலிருந்து கம்பெனியில் இவர் ஒரு வயரைத் தொட்டதில்லை. கூட இருக்கும் ஜோசப் வேலையைச் செய்வான், இவர் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பார். ஃபோர்மேனுக்குத் தெரியாது. இப்போது ஜோசப்பை வேறு ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து கரண்ட் பேனலில் இவர் தனியாக நிற்க வேண்டும். முடியாது என்று சொன்னால் வேலை போகும். போய் நின்றால் என்ன ஆகுமென்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அவர் சொல்லச் சொல்ல மூன்று வயரையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றினேன். இறங்கி வந்து ஃப்யூஸை அவர் கையிலிருந்து வாங்கி நானே மாட்டினேன். அடுப்படி பல்பு எரிந்தது. எனக்குச் சந்தோஷமே வரவில்லை. ஆறு நாளாக நான் பேசிய பேச்செல்லாம் நினைவுக்கு வந்து கூசிப்போனேன்.

சோறு போட்டேன். அவர் பிசைந்தபடியே இருந்தார். திங்கட்கிழமை நானும் வந்து ஃபோர்மேனிடம் வேறு வேலை கேட்கிறேன் என்றேன்.

"பத்து வருஷம் எலக்ட்ரீஷியன். இனிமே தொடப்பம் புடிக்கச் சொல்றியா?"

"புடி. சாயந்தரம் உயிரோட ஊட்டுக்கு வா."

திங்கட்கிழமை காலை ரயிலில் நானும் ஏறினேன். ஃபோர்மேனிடம் என்ன சொல்வது, அவர் கோபப்பட்டால் எப்படிக் கெஞ்சுவது என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தேன். அரசப்பன் பெண்சாதியின் முகம் குறுக்கே குறுக்கே வந்தது.

கம்பெனி கேட்டில் ஷிப்டுக்கு வந்தவர்கள் நடுவே நின்றிருந்த ஃபோர்மேன் என்னைப் பார்த்துவிட்டு, என்ன தாவீது, குடும்பத்தோடு வந்திருக்கிறாய் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் ஓரடி முன்னால் போனார்.

"சார், எனக்கு லைன்ல கை வெக்க பயமா கீது. ரெண்டு மாசமா உங்களை ஏமாத்திக்கினு இருந்தேன்."

அத்தனை பேர் எதிரில் சொன்னார். சுப்பிரமணியின் மச்சானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான்.