மாதா தள்ளிய கப்பல்

கப்பலை ஆற்றில் இறக்கும்போது அடியில் மாட்டுக்கொழுப்பு பூசுவது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். குவாயாகில் ஆற்றங்கரையில் எங்கள் பட்டறை முதலாளி தோன் பல்தசாருக்கு மட்டும் அது பொருந்தாது. வந்த கொழுப்பையெல்லாம் மைத்துனனின் மெழுகுதிரிக் கொட்டகைக்குத் தள்ளிவிட்டார். விலைபோகாமல் படகில் அழுகிக் கிடந்த வாழைப்பழத்தை மிதித்துக் கூழாக்கி, கப்பல் வழுக்கி இறங்குகிற சறுக்குமரத்தில் அப்பச் சொன்னார். வெயிலில் அது புளித்துப் பொங்கியது. ஈ மொய்த்து மரமே கறுத்துத் தெரிந்தது. பிறகு புழு வைத்தது.

நான் கலப்பற்றுக்காரன். பலகைச் சந்தில் சணலைத் திணித்து மேலே கீல் ஊற்றுகிறவன். நாற்றம் எனக்குப் புதிதல்ல. அப்படிப்பட்ட எனக்கே சோறு இறங்கவில்லை.

"கிமி அண்ணே, கப்பல எறக்கப் போறாங்களா, ஊறுகா போடப் போறாங்களா?" என்றான் என்னோடு வேலை செய்த மெலிட்டோன்.

"வாய மூடுடா, ஈ பூந்துடும்" என்றேன்.

இறக்கும் நாளில் கப்பலைத் தாங்கி நிற்கும் முட்டுக்கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்துவிடுவோம். கடைசியில் அடிமரத்துக்குக் கீழே ஒரே ஒரு முட்டு நிற்கும். ஒருவன் கோடாலியோடு உள்ளே ஊர்ந்துபோய் அதை வெட்ட வேண்டும். வெட்டியதும் பக்கத்திலிருக்கும் குழியில் மல்லாந்து விழுந்துவிட வேண்டும். கப்பல் அவன் மூக்குக்கு மேலே போகும். குழியில் விழத் தவறியவனை மண்வெட்டியால்தான் அள்ளினார்கள். கூலிக்கு வேலை செய்கிற எவனும் அதற்குப் போகமாட்டான். அதனால் தோன் பல்தசாரின் தகப்பன் காலத்திலேயே ஒரு வழக்கம் வைத்தார்கள். கடைசி முட்டை வெட்டிக் கப்பலை இறக்கும் அடிமைக்கு அன்றைக்கே விடுதலை. மாதா கோவில் பங்குச்சாமி முன்னால் முதலாளி அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

அந்த முறை சிரியாக்கோ முன்வந்தான். எங்கள் தச்சர்களில் அவனைப்போல வாய்ச்சி பிடிக்கிறவன் இல்லை. அவன் பெண்டாட்டி பெத்ரோனா பட்டறை வாசலில் மீன் பொரித்து விற்கிறவள், ஏற்கெனவே விடுதலையானவள். அன்று காலை அவனுக்காக ஒரு வெள்ளைச் சட்டையைத் துவைத்துக் கொண்டுவந்து ஆணியில் மாட்டினாள். விடுதலையான பிறகு போட்டுக்கொள்ள.

"இப்பவே போட்டுக்கயேன்" என்றேன்.

"வேணாம் அண்ணே. அடிமையா இருக்கறப்ப அது மேல படக்கூடாதுன்னு அவ சொல்லிட்டா" என்றான்.

பந்தலுக்கடியில் விருந்து வைத்திருந்தார்கள். சீமாட்டிகள் மூக்கில் கைக்குட்டை வைத்துக்கொண்டு, வாயில் கோழிக்காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தோன் பல்தசார் எழுந்து விடுதலைப் பேச்சைப் பேசினார். பங்குச்சாமி தலையாட்டினார். கடல்தண்ணீர் ஆற்றில் ஏறிவரும் ஏற்றம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. தண்ணீர் இன்னும் கப்பலின் பின்தலையைத் தொடவில்லை.

"எசமான், தண்ணி முழுசா ஏறட்டும்" என்று கத்தினான் சிரியாக்கோ.

"வாத்துக்கறி ஆறிப்போகுது. வெட்டுடா!"

வெட்டினான். முட்டு முறிந்த சத்தம் எல்லோர் காதிலும் விழுந்தது. கப்பல் அசையவில்லை. கூழ் காய்ந்து பசையாகிக் கப்பலைப் பிடித்துக்கொண்டது. சிரியாக்கோ குழியில் கிடந்தான். மேலே ஒரு கப்பல், முகத்தில் சொட்டுகிற கூழ், புழு. எந்த நொடியும் நகரலாம் என்பதால் எழுந்து வரவும் முடியாது. பந்தலில் வாத்துக்கறி பரிமாறினார்கள். பாட்டுக்காரர்கள் பாடினார்கள். சாராயம் வந்தது.

தின்று முடித்து ஏப்பம் விட்ட பிறகுதான் பங்குச்சாமி தீர்த்தத்தோடு இறங்கி வந்தார். அதற்குள் தண்ணீர் நன்றாக ஏறிப் பின்தலையைத் தூக்கத் தொடங்கியிருந்தது. பட்டறையில் எல்லோருக்கும் அது தெரிந்தது. அவர் இரண்டு சொட்டு தெளித்தார். கப்பல் முனகியது, நகர்ந்தது, ஓடி ஆற்றில் விழுந்தது.

"அற்புதம்!" என்று அவர் முழந்தாளிட்டார். சீமாட்டிகள் அழுதார்கள்.

சிரியாக்கோ தலைமுதல் கால்வரை கூழோடு வெளியே வந்தான். நேரே ஆணிக்குப் போய்ச் சட்டையைப் பார்த்தான். கை அழுக்காக இருந்ததால் தொடவில்லை.

"எசமான், கப்பல் எறங்கிடுச்சு."

தோன் பல்தசார் பல்லைக் குத்திக்கொண்டே, "எறங்கிச்சு. நீயா எறக்குன? நீ வெட்டினப்ப அசையலையே. எறக்குனது கர்மேல் மாதா. ஊரே பாத்துச்சு. என்ன சாமி?" என்றார்.

பங்குச்சாமி சிரியாக்கோவைப் பார்க்கவில்லை. "மாதாவோட மகிமைய மனுசன் தனக்குன்னு எடுத்துக்கக் கூடாது, மகனே" என்றார்.

நான் துப்பினேன். அதைத் தவிர என்னால் ஒன்றும் ஆகவில்லை. பெத்ரோனா சட்டையை ஆணியிலிருந்து எடுத்து மடித்துக் கூடையில் வைத்தாள்.

மாதா கோவிலில் அந்த அற்புதத்தை ஒரு பலகையில் வரைந்து மாட்டினார்கள். கப்பல் இருந்தது, மேகம் இருந்தது, மாதா இருந்தாள், தோன் பல்தசார்கூடத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓரமாக நின்றார். குழி இல்லை.

அடுத்த மழைக்காலம் முடிந்ததும் இரண்டாவது கப்பல் தயாரானது. அதை வாங்கின கப்பித்தான் கல்லாவோ துறைமுகத்திலிருந்து வந்து காத்திருந்தார். அதே பந்தல், அதே சீமாட்டிகள். மாதாவுக்கே பிடித்துவிட்டது என்று முதலாளி மறுபடியும் வாழைப்பழத்தையே அப்பச் சொல்லியிருந்தார். பெத்ரோனா கூடையோடு வாசலில் நின்றாள். இந்த முறை ஏற்றம் பாதி வரும்வரை பொறுத்தார்கள். மற்ற முட்டுகளைத் தட்டி எடுத்தாயிற்று. அத்தனை பெரிய கப்பல் ஒற்றை முட்டில் நின்றது.

தோன் பல்தசார் எழுந்து அதே பேச்சைப் பேசினார். யாரும் நகரவில்லை.

"சிரியாக்கோ, எறங்குடா!"

சிரியாக்கோ கைகட்டி நின்றான். "மாதாவக் கூப்புடுங்க எசமான். போன தடவ அவுங்கதானே எறக்குனாங்க?"

மெலிட்டோன் சிரித்துவிட்டான். பிறகு எல்லோரும். தோன் பல்தசார் கங்காணியின் கையிலிருந்து சாட்டையை வாங்கிக்கொண்டு வந்தார்.

"அடிங்க எசமான். அப்புறம் உள்ள போறேன். வெட்டுற வரைக்கும் சாட்டையோட யாராவது கூட வரணும், இல்லேன்னா கோடாலி அசையாது. நீங்க வர்றீங்களா, கங்காணிய அனுப்புறீங்களா?"

கங்காணி பந்தல்காலுக்குப் பின்னால் போய்விட்டார்.

பங்குச்சாமி முன்வந்து தீர்த்தம் தெளித்தார். ஒன்றும் நடக்கவில்லை. செம்பு காலியாகும்வரை தெளித்தார்.

"சாமி, கொஞ்சம் சத்தமா கூப்புடுங்க, மாதாவுக்குக் காது கேக்கலயோ என்னமோ" என்றான் மெலிட்டோன்.

கல்லாவோ கப்பித்தான் ஆற்றைப் பார்த்தார். "தோன் பல்தசார், தண்ணி வத்துச்சுன்னா கப்பல் பாதி அந்தரத்துல நின்னு முதுகு ஒடியும். ஒடிஞ்ச கப்பல நான் எடுக்கமாட்டேன்."

முதலாளியின் முகம் கூழின் நிறத்துக்கு வந்தது. "சரிடா, உனக்கு விடுதலை. எல்லாரும் கேட்டுக்குங்க. போதுமா?"

"கேட்டாச்சு எசமான். போன வருசமும் கேட்டோம். எழுதிக் குடுங்க."

விருந்துக்கு வந்திருந்த பத்திர எழுத்தரை மேசையிலேயே எழுத வைத்தார்கள். கோழி எலும்பை ஒதுக்கிவிட்டுத்தான் தாளுக்கு இடம் கிடைத்தது. பங்குச்சாமி வாசிக்கக் கை நீட்டினார்.

"நீங்க வேணாம் சாமி. கப்பித்தான் ஐயா படிக்கட்டும். அவருக்குக் கப்பல்தான் வேணும், என்னக் கெடுத்து அவருக்கு ஆவப்போறது ஒண்ணுமில்ல" என்றான் சிரியாக்கோ.

கப்பித்தான் உரக்கப் படித்தார். எனக்கும் எழுத்துத் தெரியாது. ஆனாலும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். படித்து முடித்ததும் சிரியாக்கோ தாளைப் பெத்ரோனாவிடம் கொடுத்தான். அவள் கூடையிலிருந்த சட்டையை அவன் கையில் வைத்துவிட்டு, தாளை மார்பில் செருகிக்கொண்டு ஓடத்தில் ஏறி அக்கரைக்குத் துடுப்புப் போட்டாள். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. முதலாளி பல்லைக் கடித்தார். தாள் முதலாளி கைக்கு எட்டாமல் ஓடம் அக்கரையில் முட்டும்வரை சிரியாக்கோ அசையவில்லை.

பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டான்.

"டேய், வெள்ளச் சட்டையோடயா?" என்றேன்.

"விடுதல ஆயாச்சே அண்ணே."

கோடாலியை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். முட்டு ஒரே வெட்டில் முறிந்தது. ஏற்றம் முழுசாக இருந்ததால் கப்பல் நிற்கவில்லை. அவன் கிடந்த குழிக்கு மேலே இடிபோல ஓடி ஆற்றைப் பிளந்துகொண்டு இறங்கியது. நான் குழியைத்தான் பார்த்தேன். முதலில் ஒரு கை வந்தது.

பங்குச்சாமி பழக்கத்தில் கையைத் தூக்கி, "அற்பு..." என்றார். கப்பித்தான் திரும்பிப் பார்த்ததும் கையை இறக்கிக்கொண்டார்.

சிரியாக்கோ நேரே பந்தலுக்குள் வந்தான். முடியில் புழு, சட்டையெல்லாம் கூழ். சீமாட்டிகள் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்கள். அவன் தோன் பல்தசார் எதிரில் நின்று, வெள்ளை மேசைத்துணியின் நுனியை இழுத்து, விரல் விரலாகத் துடைத்தான். கழுத்தைத் துடைத்தான். மூக்கையும் அதிலேயே சிந்தினான். துணியை அப்படியே வாத்துக்கறிமேல் போட்டுவிட்டு ஆற்றுப்பக்கம் நடந்தான்.

தோன் பல்தசார் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துணியை விலக்கிவிட்டுத் தின்னத் தொடங்கினார்.