நாய் கழுத்தில் அச்சாரம்

நான் பொய் சொல்வதில்லை. கைக்கடிகாரம் ரிப்பேர் செய்கிறவன் பொய் பேச ஆரம்பித்தால் ஊரே தப்பான நேரத்துக்குச் சாப்பிடும். அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

எழுபத்தொன்றாம் வருஷம். அரூர் கடைவீதியில் என் கடைக்கு எதிரே கருப்பண்ணன் புளி மண்டி வைத்திருந்தார். அவர் கையில் பதினேழு கல் சுவிஸ் கடிகாரம் ஒன்று இருந்தது. அவர் கல்யாணத்தில் மாமனார் போட்டது. அதை அவர் மணி பார்க்க வைத்துக்கொள்ளவில்லை. யாராவது எதிரே வந்தால் இடது கையை நெற்றிக்குக் கொண்டுபோய் வேர்வையைத் துடைப்பார். மார்கழியிலும் அவருக்கு வேர்க்கும்.

மாமனார் பென்னாகரத்தில் போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கருப்பண்ணன் குடியிருந்த மாடி வீடு அவருடையதுதான். "என் பொருளைப் பத்திரமா வச்சுக்கத் தெரிஞ்ச ஆளுன்னு நிச்சயமானா வூட்டை உங்க பேருக்கே எழுதித் தர்றேன் மாப்பிள்ளை" என்று சொல்லிப் பன்னிரண்டு வருஷமாக நிச்சயமாகாமல் இருந்தார். வரும்போதெல்லாம் தன் கடிகாரத்தையும் மருமகன் கடிகாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். பார்த்துவிட்டு 'ம்' என்பார். அந்த 'ம்'மை எதிர்பார்த்தே கருப்பண்ணனுக்குத் தலை நரைத்தது.

அந்த வருஷம் கருப்பண்ணனுக்கு வேட்டை நாய் வைத்துக்கொள்ளும் ஆசை வந்தது. மனுஷர் வேட்டைக்குப் போனதில்லை. மண்டியில் எலி ஓடினாலே சாக்கின் மேல் ஏறி நின்றுகொண்டு கணக்குப்பிள்ளையைக் கூப்பிடுவார். ஆனாலும் சித்தேரி மலையில் தீர்த்தன் என்பவரிடம் சிறுத்தையை மடக்கிய நாய் ஒன்று குட்டி போட்டிருக்கிறது என்று யாரோ சொல்ல, "வாங்க பாய், போயிட்டு வரலாம்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினார். எங்கள் வீட்டில் நாய் வளர்ப்பதில்லை. நாயைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அப்படிப்பட்ட ஆள்தான் அவருக்குத் துணைக்குத் தேவை.

அடிவாரம் வரை பஸ், அப்புறம் நடை. வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்து, உட்கார்ந்த இடத்திலெல்லாம் சிறுத்தையை எப்படி மடக்குவது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

தீர்த்தன் சாமை விதைக்கிற ஆள். அதிகம் பேசமாட்டார். பிறந்து இருபது நாளான குட்டிகள் ஐந்து. அதில் செவலை நிறத்து ஆண் குட்டி ஒன்றைக் கருப்பண்ணன் காட்டினார். விலை நாற்பது ரூபாய் என்று பேசி முடிந்தது. தாய்ப்பால் மறக்க இன்னும் இருபத்தைந்து நாள் ஆகும், அப்புறம் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். கருப்பண்ணன் பத்து ரூபாய் நோட்டை நீட்டினார்.

"நோட்டு வேண்டாங்க. அதைக் கழுத்துல கட்ட முடியாது" என்றார் தீர்த்தன்.

"கழுத்துலயா?"

"ஆமாங்க. எங்கப்பன் காலத்துலருந்து எங்க வூட்ல இதான் பழக்கம். அச்சாரம்னா குட்டி கழுத்துல கட்டிடணும். வந்து எடுத்துக்கிட்டா அவுத்துக்கலாம். வேண்டாம்னு சொல்லிட்டா அது குட்டியோடது. எனக்குங் கிடையாது, உங்களுக்குங் கிடையாது. துண்டு கிழிச்சுக் கட்டுவாங்க, அரைஞாண் கயித்தக் கட்டுவாங்க. நீங்க உங்களுக்குத் தோதானதக் கட்டுங்க."

துண்டு தோளில்தான் இருந்தது. ஆனால் சுற்றிலும் ஏழெட்டுப் பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். கருப்பண்ணன் நெற்றியைத் துடைத்தார். பிறகு கடிகாரத்தைக் கழற்றினார்.

"வேண்டாமுங்க, துண்டே போதும்" என்றேன்.

"சும்மா இருங்க பாய். நான் என்ன வாக்கு மாறுற ஆளா?"

குட்டியின் கழுத்துக்கு வார் அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. குட்டி ஒரு தடவை தலையைச் சாய்த்து டிக் டிக்கைக் கேட்டது. கேட்டுக்கொண்டே தூங்கிப்போனது.

இருபத்தைந்தாம் நாள் மறுபடி ஏறினோம். நாங்கள் போன நேரம் குட்டி களத்தில் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு சேவல் துரத்திக்கொண்டிருந்தது. குட்டி சாமை கொட்டி வைக்கிற குதிருக்கு அடியில் போய் நுழைந்தது. சேவல் வாசலில் நின்று காவல் காத்தது.

கருப்பண்ணன் முகம் தொங்கிப்போனது. "என்னய்யா இது? சிறுத்தைய மடக்கின நாய்க்குப் பொறந்தது சேவலுக்குப் பயந்து ஓடுது?"

"பயமில்லீங்க, மரியாதை" என்றார் தீர்த்தன். "அந்தச் சேவலப் பாத்தா நாங்களே ஒதுங்கித்தான் போவோம். சிறுத்தை வந்தப்போ மடக்கினது நாயின்னு பேரு. உள்ளபடி சொன்னா அன்னிக்கு முதல்ல போனது சேவலுங்க."

"இந்தக் கோழைய வச்சு நான் என்ன பண்றது? எனக்கு வேண்டாம். கடிகாரத்தக் குடு."

"வேண்டாம்னு சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

தீர்த்தன் என் பக்கம் திரும்பினார். "பாய், நீங்களும் கேட்டீங்க இல்ல?"

கேட்டேன் என்றேன். காது கேட்கிற மனுஷன் வேறென்ன சொல்வது?

"அப்போ அது குட்டியோடதுங்க" என்று சொல்லிவிட்டுத் தீர்த்தன் சாமை புடைக்கப் போய்விட்டார்.

கருப்பண்ணன் குதித்தார், போலீஸ் என்றார், தாசில்தார் என்றார். மலையில் அன்றைக்கு இரண்டு பேரும் இல்லை. கடைசியில், "நானே அவுத்துக்கறேன்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதிர்ப் பக்கம் நடந்தார். சேவல் தலையைத் திருப்பி ஒற்றைக் கண்ணால் பார்த்தது. நான் மலை அடிவாரத்தில் அவரைப் பிடிப்பதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. போகும்போது மூன்று இடத்தில் உட்கார்ந்த மனுஷர் இறங்கும்போது எங்குமே உட்காரவில்லை. செருப்பில் ஒன்று இன்னும் மலையில்தான் இருக்கிறது.

"சேவலுக்குப் பயந்தா ஓடியாந்தீங்க?" என்று கேட்டேன்.

"பஸ் போயிரும்ல" என்றார். பஸ் வர இரண்டு மணி நேரம் இருந்தது.

மாமனார் கடிதம் போட்டார்: 'கடிகாரம் ஒழுங்காக ஓடுகிறதா?' கருப்பண்ணன் என் கடைக்கு ஓடிவந்தார். "பாய், கடிகாரம் உங்ககிட்ட ரிப்பேருக்கு இருக்குன்னு எழுதிட்டேன். கேட்டா நீங்களும் அப்படியே சொல்லிருங்க. வூடு போச்சுன்னா குள்ளம்மாளக் கூட்டிக்கிட்டு நான் மண்டியில புளி மேலதான் படுக்கணும்." குள்ளம்மாள் அவர் மனைவி. அந்தம்மாள் படுப்பாரா என்று அவர் கேட்டுப் பார்க்கவில்லை.

எட்டு மாதம் அப்படி ஓடியது. முதலில் ஸ்பிரிங் மெட்ராஸிலிருந்து வரவேண்டும் என்று எழுதினார். பிறகு பம்பாய் என்றார். அப்புறம் கப்பலில் வருகிறது என்றார். ஒரு கடிதத்தில் கப்பலுக்குப் புயலும் வந்தது. இதில் ஒன்றையும் நான் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

மாமனார் ஒருநாள் காலை பத்து மணி அடிக்கும்போது நேரே என் கடைக்குள் வந்து நின்றார். "ரிப்பேருக்கு வாங்கினதுக்குச் சீட்டு இருக்குமே, காட்டுங்க பாய்."

முப்பத்தைந்து வருஷம் மணியார்டர் பார்த்த மனுஷர் சீட்டைத்தான் கேட்பார். வாயால் சொல்வது வேறு. காகிதத்தில் நான் பொய் எழுதுவதில்லை. "கடிகாரம் சித்தேரி மலையில, ஒரு நாய் கழுத்துல இருக்குதுங்க" என்றேன்.

"ஓடுதா?" என்றார் அவர்.

மறுநாள் மூன்று பேரும் மலை ஏறினோம். மருமகன் பின்னால் வந்தார். நாங்கள் போனபோது தீர்த்தன் நாயை மடியில் போட்டுக்கொண்டு சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். நாய் வளர்ந்திருந்தது, கற்றாழை நாரால் வாரை நீட்டியிருந்தார். டிக் டிக் இல்லாமல் அது இருக்காதாம். ஒருநாள் சாவி கொடுக்க மறந்துபோய், கடிகாரம் காலை பத்தரைக்கு நின்றது. எடுத்த கால் எடுத்தபடி, மறுநாள் சாவி கொடுக்கும்வரை நாய் அங்கேயே நின்றதாம். நான் நேரில் பார்க்கவில்லை. ஆனால் அது நின்ற இடத்தைத் தீர்த்தன் காட்டினார், இடம் இருந்தது.

காலை ஏழு, பகல் பன்னிரண்டு, சாயங்காலம் நாலு. இந்த மூன்று வேளைக்கும் நாய் ஒரு குரைப்பு குரைக்கும். பள்ளிக்கூடத்து வாத்தியார் அதைக் கேட்டுத்தான் மணி அடித்தார். மழைக்காலத்தில் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும் என்று தீர்த்தன் வருத்தப்பட்டார்.

போஸ்ட்மாஸ்டர் நாயின் முன்னால் மண்டி போட்டார். தன் கடிகாரத்தை அதன் கழுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு விநாடி வித்தியாசமில்லை. அந்த நேரம் பார்த்து நாய் குரைத்தது. மணி பன்னிரண்டு.

"உங்க கையில இருந்தப்போ ஒரு நாளைக்கு நாலு நிமிஷம் பிந்தும் மாப்பிள்ளை" என்றார்.

"மாமா, அது வந்துங்க, இந்த ஆளு ஏமாத்தி..."

"நாய் வேண்டாம்னு சொன்னது யாரு?"

கருப்பண்ணன் என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன்.

"விலை என்னங்க?" என்று மாமனார் தீர்த்தனைக் கேட்டார்.

"அப்போ நாப்பதுங்க. இப்போ அது மணி பாக்கத் தெரிஞ்ச நாயிங்க. நூத்தம்பது குடுங்க. ஒரு சங்கதி, சேவல விட்டு அது வராது. சேவலுக்குக் காசு வேண்டாம், கூட்டிக்கிட்டுப் போங்க. எங்களுக்கும் கொஞ்சம் நிம்மதியா இருக்கும்."

போஸ்ட்மாஸ்டர் அங்கேயே நூற்றைம்பதையும் எண்ணிக் கொடுத்தார்.

"அச்சாரம் ஏதாச்சும் கட்டறீங்களா?" என்றார் தீர்த்தன்.

"எதுக்கு? நான் சொன்னா சொன்னதுதான்."

இறங்கும்போது சேவலைக் கூடையில் வைத்து யார் தூக்குவது என்ற கேள்வி வந்தது. மாமனார் கேள்வியை நீள விடவில்லை. மருமகன் தலையில் வைத்தார். வழி நெடுகக் கூடைக்குள்ளிருந்து உச்சந்தலையில் கொத்து விழுந்தது. எத்தனை என்று நான் எண்ணவில்லை, அறுபதுக்கு மேல் இருக்கும்.

வீட்டை மாமனார் எழுதி வைத்தார், மகள் குள்ளம்மாள் பேருக்கு. பத்திரத்திலேயே இரண்டு நிபந்தனை. நாய் அந்த வீட்டிலேயே இருக்கவேண்டும். தினமும் காலை ஆறு மணிக்கு மருமகன் தன் கையால் அதற்குச் சாவி கொடுக்கவேண்டும். தவறினால் வீடு இளைய மகளுக்கு. சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். வருஷத்துக்கு ஒருமுறை கடிகாரத்துக்கு எண்ணெய் விடுவதும் என் வேலைதான். நாயின் எச்சில் பட்ட கடிகாரத்தைத் தொட்டுவிட்டு வந்தேனென்று என் மனைவி ஷகிலா என்னை வாசலிலேயே நிறுத்தி, கையில் ஏழு சொம்பு தண்ணீர் ஊற்றி எண்ணிக் கழுவ வைப்பாள். கூலியை மட்டும் கழுவாமல் வாங்கிக்கொள்வாள்.

நாய் வீட்டுப் பின்கட்டில், கிணற்றுக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கும். கிணற்றுக்கு இந்தப் பக்கம் சேவல் நடக்கும். காலை ஐந்தேமுக்காலுக்கே கருப்பண்ணன் தலையில் ஈயச் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு பின்கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பதைப் பின்தெருவில் இருக்கும் எங்கள் வீட்டு மாடியிலிருந்து நான் தினமும் பார்த்திருக்கிறேன். கடைவீதியில் யாராவது அவரிடம் மணி கேட்டால், பழக்கதோஷத்தில் இடது கையை நெற்றிக்குக் கொண்டுபோவார். பிறகு ஞாபகம் வந்து, "இருங்க, வூட்ல கேட்டுச் சொல்றேன்" என்பார்.