பட்டினி கிடந்த கிராஃபிக்ஸ் கார்டு

செதூன்யா கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுப்பவள். போட்ஸ்வானாவின் தலைநகரான கேபரோனில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால், கோழிக்கறிக் கடைக்கும் செல்போன் ரிப்பேர் கடைக்கும் நடுவே அவளுடைய கடை. உள்ளே இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான். ஆனால் அதில் மாட்டியிருந்த கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஈடாக அந்தத் தெருவில் இன்னொன்று கிடையாது. மணப்பெண்களின் முகத்துக்கு மெருகேற்றும் வேலை முடிந்ததும் அதைச் சும்மா விடமாட்டாள். வானத்திலிருந்து வந்த ரேடியோ அலைகளை ஆராய்ச்சியாளர்கள் துண்டு துண்டாக அனுப்புவார்கள். செத்துப்போன நட்சத்திரம் ஏதாவது உள்ளே துடிக்கிறதா என்று கார்டு தேடிச் சொல்லும். இப்படித் தங்கள் கம்ப்யூட்டரின் ஓய்வு நேரத்தை ஆராய்ச்சிக்கு இலவசமாகக் கொடுப்பவர்கள் உலகெங்கும் உண்டு. போட்ஸ்வானாவில் அவர்கள் ஒரு சின்ன அணி. மவுன் ஊரில் இருக்கும் ஓய்வுபெற்ற நர்ஸ் மா கெனேல்வேதான் தலைவி.

அதே கம்ப்யூட்டரில் செதூன்யாவின் கணவன் மொதீரிக்கும் பங்கு இருந்தது. அவன் பள்ளிக்கூடத்தில் புவியியல் வாத்தியார், மழைப் பைத்தியம். ஆப்பிரிக்காவின் மழையை ஊர்வாரியாகக் கணக்கிடும் திட்டத்துக்குப் பிராசஸரை எழுதிக் கொடுத்திருந்தான். கார்டு அவளுக்கு, பிராசஸர் அவனுக்கு என்று பாகம் பிரித்து, இரண்டு பேரும் சமாதானமாகவே காலம் தள்ளினார்கள்.

அக்டோபரில் நட்சத்திரத் தேடலுக்கு ஒரு பந்தயம் வந்தது. நாட்டுக்கு ஓர் அணி, இரண்டு வாரம். எந்த அணி அதிகத் துண்டுகளை முடிக்கிறதோ அதற்கு வெற்றி. முதல் நாளே சாம்பியாக்காரர்கள் முன்னே போய்விட்டார்கள். செதூன்யாவின் கார்டோ, வழக்கமாக ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் முடிக்கும் துண்டுக்கு அரைப் பொழுதை விழுங்கியது.

வெயில்தான் காரணம் என்று நினைத்தாள். கடையின் மின்விசிறியைத் தன் பக்கமிருந்து கம்ப்யூட்டர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, தான் வியர்த்து வழிந்தாள். பெட்டியைத் திறந்து பிரஷ்ஷால் தூசி தட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் மா கெனேல்வேக்குப் போன் போட்டாள்.

“கார்டு சூடா இருக்கா, குளுந்து கெடக்கா?” என்று கேட்டாள் தலைவி.

செதூன்யா பெட்டிக்குள் கையை நீட்டிப் பார்த்தாள். “குளுகுளுன்னு இருக்கு, மா கெனேல்வே.”

“அப்ப அது வேலையே செய்யல, தூங்குது. பிராசஸரைப் பாரு. கார்டு வேகமா சமைக்கும், சரி. ஆனா மாவு அள்ளிக் குடுக்க பக்கத்துல ஒரு ஆள் நிக்கணும்ல? எல்லாரும் வேற அடுப்புக்குப் போயிட்டா அது வெறும் பானையைத்தான் கிண்டும்.”

பார்த்தாள். பிராசஸருக்குள் கணக்குப் போடும் கைகளான எட்டுக் கோர்களும் மூச்சு முட்ட மழையைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தன. போன வாரம்வரை அவற்றில் ஒன்றுக்கு மழைக் கணக்கு இல்லாமல் இருந்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

பள்ளி விட்டு மொதீரி உள்ளே நுழைந்ததுதான் தாமதம்.

“வாங்க, மழைராஜா! எட்டையும் எப்ப வளைச்சுப் போட்டே?”

அவன் பையைக் கீழே வைக்கவில்லை. “மா வாமே, ஒண்ணு சும்மாதானே கெடந்துச்சு…” மகளின் பெயரைச் சேர்த்து ‘வாமேயின் அம்மா’ என்று அவளைக் கூப்பிட்டான் என்றால் பயந்திருக்கிறான் என்று அர்த்தம்.

“சும்மா கெடக்கல, ரா வாமே! அதுதான் என் கார்டுக்குச் சோறு ஊட்டிட்டு இருந்துச்சு. நீ அதையும் புடுங்கிட்டே. சாம்பியாக்காரன் நம்மள மிதிச்சிட்டுப் போறான்.”

“நட்சத்திரம் செத்துக் கோடி வருஷம் ஆச்சு. இன்னும் ரெண்டு வாரம் காத்திருந்தா என்ன குறைஞ்சு போகும்? மழை அப்படியா?”

“உன் கணக்கு முடிஞ்சாதான் மேகம் வருமா?”

மொதீரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு கோரை விட்டுக் கொடுத்தான். கார்டு விழித்துக்கொண்டது. சற்று நேரத்தில் அதன் விசிறி உறும ஆரம்பித்தது. செதூன்யா கைதட்டினாள். ஆனால் இரண்டு துண்டுகளை ஒரே சமயத்தில் கார்டுக்குக் கொடுத்தால் இன்னும் வேகம் கிடைக்கும் என்றும் அதற்கு இன்னொரு கோர் வேண்டும் என்றும் மா கெனேல்வே சொல்லியிருந்தாள்.

“இன்னொண்ணா? கையைக் குடுத்தா தோளைக் கேக்குறியே!”

“ஒரே ஒரு நாள். உன் மழை நின்னுபோச்சுன்னா திருப்பி எடுத்துக்கோ.”

முணுமுணுத்துக்கொண்டே அமைப்பை மாற்றினான். மறுநாள் சனிக்கிழமை. காலையிலேயே கடைக்கு வந்து, தன் நஷ்டத்தை நிரூபித்துக் காட்டும் ஆசையோடு திரையின் முன் உட்கார்ந்தான். எண்களை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“என்ன, அழுறியா?” என்றாள் செதூன்யா.

“இரு, இரு. இது எப்படி?” எட்டு வேலைகள் ஓடியபோது ஒன்றின் நினைவகத்தை மற்றொன்று இடித்துக்கொண்டு, எல்லாமே தவழ்ந்திருக்கின்றன. இப்போது ஆறுதான், ஆனால் ஒவ்வொன்றும் முன்னைவிட விறுவிறுவென்று முடிந்தது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் மழைக்குப் பெரிய நஷ்டமே இல்லை. “கோம்பி மினிபஸ்ல எட்டுப் பேர் ஒரே கதவுல ஏற முட்டிக்கிட்ட கதைதான்.”

“அப்ப நான் உனக்கு நல்லதுதான் பண்ணியிருக்கேன்.”

“அப்படியெல்லாம் நான் சொல்லல.”

செதூன்யா சொல்லக் கேட்டு, அன்றே இந்தச் சங்கதியை மா கெனேல்வே குரல் பதிவாக அணியில் எல்லோருக்கும் அனுப்பினாள். செரோவேயில் ஒரு பல் மருத்துவர், காசானேயில் ஒரு படகோட்டி, இன்னும் சிலர். ஆளாளுக்குத் தங்கள் பிராசஸரில் ஓரிரு கோர்களை விடுவித்தார்கள். அணியின் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. பந்தயம் முடிந்த மதியம் கென்யா முதலிடம், நைஜீரியா இரண்டாமிடம். சாம்பியாவை மயிரிழையில் முந்தி போட்ஸ்வானா மூன்றாமிடம். அந்த நாட்டில் மழை என்ற சொல்தான் வெற்றி முழக்கமும். “புலா! புலா!” என்று மவுனிலிருந்து போனில் கிழவி போட்ட கூச்சலில் கோழிக்கறிக் கடைக்காரர் கத்தியோடு எட்டிப் பார்த்தார். செதூன்யா மொதீரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள். அவனும் வெட்கத்தை விட்டுக் குதித்தான்.

திங்கட்கிழமை, மகளின் கல்யாண வீடியோவை வாங்க வந்த ஒரு பெரியவர் சொன்னார்: “உங்க வீட்டுக்காரர்தான் என் பையனுக்கு வாத்தியார். நாட்டுக்காகத் தன் மழையில ரெண்டு கோரைத் தியாகம் பண்ணினாராமே? வகுப்பு முழுக்க எழுந்து நின்னு கை தட்டினாங்களாம்.”

செதூன்யாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “ஒண்ணு அவர் குடுத்தது, ஐயா. இன்னொண்ணை நான் புடுங்கினேன்,” என்று சொல்லி வீடியோவை அவர் கையில் கொடுத்தாள்.