நாகலிங்கத்தாரின் படம்

எழுபத்து மூன்றாம் ஆண்டு லண்டனிலிருந்து காங்கேசன்துறைக்கு, அக்கா வீட்டுக்கு, விடுமுறையில் வந்த கனகலிங்கத்துக்கு அக்காவை விடக் குருவிதான் பெரிதாய்ப் போயிற்று. சும்மா குருவியா? ஜாவாச் சிட்டு! எப்போதோ துறைமுகத்தில் ஒரு கப்பலில் கூடு உடைந்து தப்பியவை, ரோசாநிறச் சொண்டும் வெள்ளைக் கன்னமுமாக ஊரெல்லாம் பெருகிக் காயப்போட்ட நெல்லைக் கொத்தித் திரிந்தன. லண்டன் பறவைச் சங்கத்தார் படம் கண்டால்தான் நம்புவார்களாம்.

"தம்பி, அத்தானை ஒரு படம் எடு. அவரின்ரை முகம் ஒரு படத்திலையும் இல்லை," என்று அக்கா பத்மாசினி வந்த நாள் தொட்டுக் கேட்டாள்.

"நாளைக்கு எடுக்கிறன், அக்கா."

எடுத்தால் கை தேய்ந்தா போகும்? அத்தான் நாகலிங்கம் பாவம், கோபிக்கிற மனிசனில்லை. கூரை இடுக்கில் சிட்டு கூடு கட்டியிருக்கிறதென்று காட்டி, புதன்கிழமை காலை ஏணியையும் அவரே பிடித்தார். கமராவின் பிலிம் சுருளில் மிஞ்சிய கடைசிப் படத்தையும் கனகலிங்கம் குஞ்சுகளுக்கே கொடுத்தான். அன்று மத்தியானம் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் அத்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவ்வளவுதான்.

செத்தவீட்டு ஓட்டத்தில் புதுச் சுருள் வாங்க அவனுக்கு நினைவே வரவில்லை. மறுநாள் பிரேதத்தைக் குளிப்பாட்டிப் பந்தலில் கிடத்தியதும், "ஸ்ரூடியோக்காரனைக் கூப்பிடவோ?" என்று யாரோ கேட்டார்கள்.

"என்ரை தம்பி இருக்க வேறை ஆள் ஏன்?" என்றாள் அக்கா.

இவ்வளவு சனத்துக்கு முன்னால், குருவியைப் படம் பிடித்தே சுருளை முடித்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? வெறும் கமராவைத் தூக்கிப் பொத்தானை அமத்தினான்.

"வடிவா விழுந்திட்டுதோ, தம்பி?"

"ஓம், அக்கா."

மானங்கெட்ட பொய்!

எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. வாசற் படலையோடு நின்றுவிட வேண்டும். வாய்க்கரிசி போட்டு முடிந்ததும், "பிள்ளை, கடைசியாய் ஒருக்கா முகத்தைப் பார்," என்று மாமி மீனாம்பிகை அக்காவைத் தாங்கிக் கூட்டிவந்தாள்.

அக்கா கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

"இப்ப என்னாலை ஏலாது, மாமி. மூடச் சொல்லுங்கோ. தம்பி எடுத்திருக்கிறான்தானே, படத்திலை ஆறுதலாய்ப் பாப்பன்."

"அக்கா, பார்!" என்று ஒரு சொல் கத்தியிருந்தால் போதும். முகத்தை மூடினார்கள். கனகலிங்கம் தலையைக் குனிந்தபடி பாடைக்குத் தோள் கொடுத்தான்.