கிதாரின் கழுத்தில் ஏறிய மெருகு

என் தங்கை பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றும் பிரிவில் பணிபுரிகிறாள். அப்பணிமனைத் தொழிலாளர்கள் ஓர் இசைக்குழு நடத்துகின்றனர். அக்குழுவில் கிதார் வாசித்தவர் மாற்றலாகிச் சென்றுவிடவே, ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு வந்து வாசித்துக் காட்டுமாறு குழுத்தலைவர் அவளுக்குச் சொல்லியனுப்பினார். பதினோராண்டுகளாக அவள் எதிர்பார்த்திருந்த அழைப்பு அது.

சனிக்கிழமை காலை, தன் பழைய எலெக்ட்ரிக் கிதாரைத் தூக்கிக்கொண்டு என் வீட்டிற்கு வந்தாள். அதன் நிறம் சிவப்பு என்பதை அவள் சொல்லித்தான் அறிந்துகொள்ள வேண்டும். முன்பு வைத்திருந்தவரின் சிகரெட் புகையும் வியர்வையும் அதன்மேல் படிந்து இறுகியிருந்தன.

"இதோட போய் நின்னா, பழைய இரும்புக்குப் போட வந்திருக்கேன்னு நெனச்சுருவாங்க. நீதான் ஏதாவது செய்யணும்க்கா."

"வச்சுட்டுப் போ. நாளைக்கு மத்தியானம் வா."

இவ்வளவு உறுதியாக நான் கூறியதற்குக் காரணம் உண்டு. நான் பல்செட் செய்யும் கூடத்தில் இருபது ஆண்டுகளாக மெருகேற்றும் பணியைச் செய்து வருபவள். நாக்குப் படும் இடத்தில் மணலளவு சொரசொரப்பும் இருத்தல் ஆகாது என்பதே எங்கள் தொழிலின் முதல் விதி.

முதலில் கம்பிகளைக் கழற்றினேன். சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தபோது, துணி மஞ்சளாயிற்று, கிதார் சிவப்பாயிற்று. அதன்பின் மிக மெல்லிய உப்புத்தாளை நீரில் தோய்த்து, பூச்சு தேய்ந்து மரம் தெரிந்துவிடாதவாறு இலேசாகத் தேய்த்தேன். எங்கள் கூடத்தில் மெருகேற்றச் சுழலும் சக்கரத்தின் சூடு பூச்சைக் கெடுக்கும் என்பதால், மெருகுப் பசையைக் கையாலேயே தேய்த்தேன். முன்புறம், பின்புறம், வாசிக்கும்போது இடக்கை ஓடும் கழுத்து என ஓரிடத்தையும் விடவில்லை. மாலையில் அது கண்ணாடிபோல் ஒளிர்ந்தது. புதுக் கம்பிகளையும் பூட்டி வைத்தேன்.

மறுநாள் இரண்டு மணிக்கு வந்த தங்கை கிதாரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"அக்கா, இதுல பாத்துத் தலை சீவலாம் போலிருக்கே."

அவள் வாசிக்கத் தொடங்கினாள். மூன்றாம் வரியிலேயே நிறுத்தினாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு மீண்டும் தொடங்கினாள், மீண்டும் நிறுத்தினாள்.

"கை ஓட மாட்டேங்குதுக்கா. கழுத்துல பசை மாதிரி ஒட்டுது."

"பசையா? ஒரு தூசி இருந்தா காட்டு."

"தூசி இல்ல. அதான் பிரச்சினை. முன்னாடி கொஞ்சம் மங்கலா இருந்துச்சு, கை தானா வழுக்கிட்டுப் போகும்."

என் தவறு அப்போதுதான் எனக்குப் புலப்பட்டது. வாயில் ஈரமுண்டு, ஆகவே வழவழப்பின்மீது நாக்கு எளிதில் நகரும். வியர்த்த உள்ளங்கையோ அதே வழவழப்பை இறுகப் பற்றிக்கொள்ளும். நான் கிதாருக்குப் பல் கட்டியிருந்தேன்.

மணி மூன்று. கம்பிகளுக்கு அடியிலுள்ள காந்தங்களில், தேய்க்கும்போது உதிரும் இரும்புத்துகள் ஒட்டாதிருக்க அவற்றை டேப்பால் மூடினேன். மிக மெல்லிய எஃகு நாரைக் கையில் எடுத்தேன். ஆயினும் அதைக் கழுத்தில் வைக்க மனம் வரவில்லை. என் வாழ்நாளில் மெருகை ஏற்றியிருக்கிறேனேயன்றி இறக்கியதில்லை.

அறைக்குள் எட்டிப் பார்த்த என் கணவர், "நேத்து முழுக்க பளபளன்னு ஆக்குன. இன்னைக்கு அதை எடுக்கப் போறியா? சம்பளம் ரெண்டு நாளைக்கா?" என்றார். தங்கை சிரித்துவிட்டாள். அச்சிரிப்பில் என் கையும் இளகியது.

கழுத்தின் பின்புறத்தில் மட்டும் நீளவாக்கில் தேய்த்தேன். பத்து முறை தேய்த்ததும் ஒளி மங்கியது. துடைத்துக் கொடுத்தேன். அவள் விரல்கள் மேலிருந்து கீழே ஒரே ஓட்டமாக ஓடின.

"இப்ப சரிக்கா. கிளம்பு, நீயும் வா."

பணிமனையில் இரண்டு பேருந்துகளுக்கு நடுவே அவள் நின்று வாசித்தாள். குழுத்தலைவர் கைகளைக் கட்டியவாறு கேட்டுக்கொண்டிருந்தார். பாடல் பாதியை எட்டியபோது கட்டிய கைகளை அவிழ்த்தார். டிரம்ஸ் முன் சென்று அமர்ந்து அவளோடு சேர்ந்துகொண்டார். நான் டயர் அடுக்கின்மேல் அமர்ந்து, தாளம் தெரியாமலேயே தாளம் போட்டேன்.

முடிந்ததும் அவர், "செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு ஒத்திகை. லேட்டா வரக் கூடாது," என்றார். பிறகு என் பக்கம் பார்த்து, "இவங்களும் வருவாங்களா?" என்று வினவினார்.

"எங்க அக்காவா? வர வேணாம்னு நீங்க சொல்லித்தான் பாருங்களேன்," என்றாள் தங்கை.